மூன்று மில்லிமீட்டர் குறைவு

விராலிமலை
12.02.2025

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

அறிவுச்செல்வன் எழுதுவது. முன்பெல்லாம் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவேன். ஏழு வருஷம் கழித்து அந்தச் சொல்லை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. போன மாதத்திலிருந்து நான்கு முறை போன் செய்தேன். மூன்று முறை மணி அடித்தது, நான்காவது முறை அதுவும் இல்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

தங்கமுத்து போய் இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரரோடு கூடவே சுற்றிய கூட்டாளி சாவுக்குக்கூட வராமல் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பீர்கள். வந்தேன். திருமயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சொல்ல வந்தது வேறு. பழைய காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் தங்கள் புத்தகத்தை என்னிடம் கொடுத்து நிலை கேட்பார்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்ததா, மாற்றியதா, முதுகு கிழிந்து ஒட்டியதா, பக்கம் குறைகிறதா, அட்டை அசலா நகலா. மின்வாரிய வேலை போக இருபது வருஷமாக இதுதான் என் பொழுது. நான் சொன்னால் அதுதான் முடிவு என்று எங்கள் ஆட்கள் வைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். 2017 நவம்பரில் புதுக்கோட்டையில் எங்கள் கூட்டத்துக்குத் தங்கமுத்து 'பாதாளப் படகு' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தான். ஸ்கேல் வைத்து அளந்தேன். நான் பார்த்த மற்ற பிரதிகளைவிட அகலம் மூன்று மில்லிமீட்டர் குறைவு. முப்பது வருஷப் புத்தகத்துக்கு வலது ஓரம் பழுப்பே ஏறாமல் வெள்ளையாக இருந்தது. நைந்துபோன ஓரத்தை மறைக்க வெட்டியிருக்கிறது என்று சொன்னேன். "சந்தா கட்டி எங்க வீட்டுக்குத் தபால்ல வந்த பொஸ்தகம் அறிவு. கத்தரியே படல" என்றான். நான் நம்பவில்லை. வெட்டியதை மறைத்தவன் என்று எங்கள் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் வாட்சப் குழுவிலிருந்தும் அவன் பேரை எடுத்தோம்.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு வீட்டிலிருந்து அதே புத்தகம் வந்தது. 1986-இல் சந்தாதாரருக்குத் தபாலில் வந்த உறையோடு, பிரிக்கவே பிரிக்காமல். முத்திரை தெளிவாக இருந்தது. நான்தான் பிரித்தேன். அளந்தேன். மூன்று மில்லிமீட்டர் குறைவு. ஓரம் வெள்ளை. அந்த அச்சகத்தில் அப்போது வேலை பார்த்த ஒருவரை சிவகாசியில் தேடிப்பிடித்துக் கேட்டேன். சந்தாக்காரர்களுக்கு மட்டும் இருநூறு பிரதி வேறு நல்ல தாளில் அடித்தோம், அந்தத் தாள் கொஞ்சம் அகலம் குறைவு என்றார்.

தங்கமுத்து வெட்டவில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்தால் ஒருமுறை பார்க்க வேண்டும். நேரில் வரலாமா என்று எழுதுங்கள்.

அறிவுச்செல்வன்


திருமயம்
20.02.2025

திரு. அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. போனை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன். நீங்கள் கூப்பிட்டதெல்லாம் நான் வேலையில் இருக்கிற நேரம். கம்பெனியில் பக்கத்து மெஷினில் நிற்கிறவர்களுக்கெல்லாம் என் கதை தெரிய வேண்டாம். எழுத்தில் என்றால் நிதானமாகத் திட்டலாம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறீர்கள். செய்யுங்கள். அவர் வெட்டவில்லை என்பதைக் கும்பகோணத்திலிருந்து ஒரு புத்தகம் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அந்தப் புத்தகங்களைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருகிற மனுஷன். சோறு தின்ன உட்காரும்போது அப்படிக் கழுவமாட்டார். அவரா வெட்டுவார்? இதைத் தெரிந்துகொள்ள ஸ்கேல் வேண்டுமா?

நேரில் வர வேண்டாம். வந்தால் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு மனசு வராது.

ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நீங்கள் வேறு என்ன சொன்னீர்கள்? உங்கள் கடிதத்தில் பாதிதான் இருக்கிறது. ஏனென்றால் அவர் வீட்டுக்கு வந்து, 'என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்க' என்று அழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "எப்ப எடுத்துக்கிட்டுப் போன?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நினைப்பு அவருக்குத் தானாக முளைத்திருக்காது. யாரோ போட்ட விதை. யார் என்று எழுதுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

பிரகதீஸ்வரி


விராலிமலை
26.02.2025

பிரகதீஸ்வரிக்கு,

நான்தான்.

இந்த ஒரு வரியோடு தபாலில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். முழுதாக எழுதுவதுதான் முறை.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. இருபத்திரண்டு பேர் இருந்தோம். நான் 'வெட்டியிருக்கிறது' என்றதும் தங்கமுத்து ஒரே பிடியாக நின்றான். என் தீர்ப்பை அதுவரை யாரும் அப்படி மறுத்ததில்லை. அறந்தாங்கியிலிருந்து வரும் ரெங்கராஜ், "அவன் இவ்வளவு அடிச்சுச் சொல்றானே, இன்னொரு தடவ பாத்துருங்க அறிவு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சும்மா அளந்து பார்த்து, தெரியவில்லை, பிறகு சொல்கிறேன் என்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்தப் பக்குவம் அன்றைக்கு இல்லை. நான் சொன்னேன்: "கத்தரி எதுக்குய்யா? வீட்டுலயே கட்டிங் மெஷின் ஆள வச்சிருக்கான்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ரெங்கராஜும் சிரித்தார். நீங்கள் நோட்டு கம்பெனியில் தாள் வெட்டும் மெஷினில் நிற்கிறீர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன்தான் பெருமையாகச் சொல்லியிருக்கிறான், ஆயிரம் தாளை ஒரே வெட்டில் ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டுவாள் என்று.

தங்கமுத்து சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஓரத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அதுவரை என்னோடு மல்லுக்கு நின்றவன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பேசாமல் போனதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

அவன் உங்களிடம் கேட்டான் என்பது உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நான் அவனைத்தான் பழித்தேன் என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு வார்த்தை வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லமாட்டேன்.

நீங்கள் அவனிடம் என்ன சொன்னீர்கள்? அவன் எப்போது நம்பினான்? எழுத விருப்பமில்லை என்றால் வேண்டாம்.

அறிவுச்செல்வன்


திருமயம்
14.03.2025

அறிவு அண்ணனுக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் அண்ணன் என்று எழுதிவிட்டேன். பாசத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். திரு போட்டுத் திட்ட வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் இல்லை என்றேன். குலசாமி மேல் சத்தியம் செய்தேன். அவர் சொன்னார்: "நீ கெட்டதுக்குச் செஞ்சேன்னு நான் சொல்லலியே. ஓரம் மடங்கியிருந்திருக்கும், சீராக்கி வைப்போம்னு நெனச்சிருப்ப." அதாவது நான் செய்தது முடிவாகிவிட்டது, எதற்காகச் செய்தேன் என்பதுதான் பாக்கி. அறிவு சொல்வது தப்பாக இருக்கலாமே என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. "கண்ண மூடிக்கிட்டுத் தடவியே பின்னு மாத்துனதக் கண்டுபிடிச்சவன் அவன். அவன் சொன்னா தப்பாது" என்றார். கட்டின பொண்டாட்டி சத்தியத்தைவிட உங்கள் ஸ்கேல் பெரிதாகப் போய்விட்டது.

சரி, என் தொழிலை வைத்தே காட்டுவோம் என்று பார்த்தேன். அந்த வருஷம் எங்கள் மெஷின் பிளேடில் ஓரிடத்தில் சின்னதாகப் பல் விழுந்திருந்தது. எதை வெட்டினாலும் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் நூல் மாதிரி ஒரு கீறல் நிற்கும். மறுநாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து அவர் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "நோட்டுல கோடு இருக்கு. ஒங்க பொஸ்தகத்துல காட்டுங்க பாப்போம்" என்றேன். விரலை வைத்துப் பார்த்தார். கோடு இல்லை. "வேற பிளேடு மாட்டியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அண்ணே, அந்தக் கூட்டத்தில் இருபத்திரண்டு பேரில் ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, இது மெஷினில் வெட்டினதாம்மா என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். என்னை வைத்துச் சிரிக்கத் தெரிந்தது, என்னைக் கேட்கத் தெரியவில்லை.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அப்படி ஒரு நாள் செய்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். மாசத்துக்கு ஒரு தடவை, சோறு போடும்போதோ, துணி மடிக்கும்போதோ, "சொல்லிரு புள்ள, மனசு ஆறிப்போகும்" என்பார். நான் இல்லை என்பேன். முகம் தொங்கிப்போகும். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு அடுத்த வருஷமே ஷார்ஜாவுக்குப் போனார். அவர் பஸ்ஸில் உங்கள் ஆட்கள் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்றார். வீட்டிலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார் என்று நான் அப்போது அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எனக்கும் அவருக்கும் உள்ளது.

புத்தகம் அவர் பெட்டியோடு ஷார்ஜாவிலிருந்து வந்தது. இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். அந்த வருஷத்து நோட்டு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். பார்த்து எழுத்தில் கொடுங்கள். உங்கள் ஆட்களுக்கு எப்படிக் கொடுப்பீர்களோ அப்படி, கையெழுத்துப் போட்டு. இதை நான் வெட்டவில்லை என்று யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிரகதீஸ்வரி


விராலிமலை
27.03.2025

தங்கச்சி பிரகதீஸ்வரிக்கு,

புத்தகமும் நோட்டும் பத்திரமாக வந்தன. நான்கு நாள் பார்த்தேன். தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதில் உள்ளது இதுதான்:

'பாதாளப் படகு', 1986, சந்தாப் பிரதி. அட்டை அசல். பின்கள் அசல், லேசான துரு. பக்கங்கள் முழுமை. முதுகில் கிழிசல் இல்லை. அகலம் மூன்று மில்லிமீட்டர் குறைவு. இது அச்சகத்தில் வந்தபடியே. பிரிக்காத உறையிலிருந்து எடுத்த இன்னொரு பிரதியோடு வைத்துப் பார்த்ததில் அளவும் தாளும் ஓரமும் ஒத்துப்போகின்றன. 2017-ஆம் வருஷம் திருமதி பிரகதீஸ்வரி வேலை பார்த்த மெஷினில் வெட்டிய நோட்டில் உள்ள கீறல் இந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்தப் புத்தகத்தை அச்சகத்தை விட்டு வந்தபின் யாரும் வெட்டவில்லை. முன்பு நான் சொன்னது தவறு.

நீங்கள் சொன்னது சரி. கீறலை லென்ஸ் இல்லாமலே பார்க்க முடிகிறது. அன்றைக்கு ஒருத்தர் உங்களைக் கேட்டிருந்தால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருந்தது. எழுந்து நின்று இரண்டையும் சொன்னேன். அளவில் தவறியதையும், அதற்கு மேல் உங்களை வைத்துச் சொன்ன வார்த்தையையும். யாரும் சிரிக்கவில்லை. ரெங்கராஜ் வெளியே போய் நின்றுகொண்டார். பட்டியலில் தங்கமுத்து பேரைத் திரும்பப் போட உங்கள் சம்மதம் வேண்டும் என்று முடிவானது. இனிமேல் நான் யாருக்கும் நிலை சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இது உங்களுக்கு நான் செய்கிற உபகாரம் இல்லை. என் ஸ்கேலை எனக்கே நம்ப முடியவில்லை.

ஒரு விஷயம் தாளில் எழுதவில்லை. எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. வலது ஓரத்தின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு, எல்லாப் பக்கங்களும் கறுத்து எண்ணெய் ஏறியிருக்கின்றன. தாள் அந்த இடத்தில் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. 2017-இல் இது இல்லை. ஒரு தடவை இரண்டு தடவை தொட்டால் இப்படி வராது. தினமும், நாள்கணக்காகத் தடவியிருக்க வேண்டும். கையைக் கழுவாமல் புத்தகத்தைத் தொடாதவன் என்று நீங்களே எழுதினீர்கள். எனக்கும் அவனை அப்படித்தான் தெரியும். அவன் கடைசி வரை அந்த ஓரத்தில் வெட்டு இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தானோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அறிவுச்செல்வன்


திருமயம்
09.04.2025

அறிவு அண்ணே,

காகிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். 'திருமதி' போட்டு எழுதியிருக்கிறீர்கள். யாரும் வெட்டவில்லை என்ற வரியைக் கம்பெனியில் பக்கத்து மெஷின் காத்தாயி அக்காவிடம்கூடக் காட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. நல்லது என்றாள்.

அந்தக் கறுப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் தூக்கம் வரவில்லை என்று எழுதிவிட்டீர்கள். அவர் தேடவில்லை அண்ணே. தேடியிருந்தால்கூடப் பரவாயில்லை.

2022 டிசம்பரில் அவருக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரூமுக்கு வந்ததும் வீடியோ கால் போட்டார். ஆள் பாதியாக இருந்தார். ஊருக்கு வந்துவிடுங்கள் என்றேன். வந்து என்ன செய்வது என்று ஏதோ பேசினார். அப்புறம் வழக்கம்போல அதையே கேட்டார். "இப்பவாச்சும் சொல்லு புள்ள. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஐந்து வருஷமாக இல்லை என்று சொல்லி என்ன கண்டேன்? "ஆமாங்க, நாந்தான். ஓரம் கொஞ்சம் கசங்கியிருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாம சீராக்கி வைப்போம்னு எடுத்துக்கிட்டுப் போனேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அழுதார். அப்புறம் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, லூசு. எனக்காகத்தானே செஞ்ச" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் பேசினார். முன்பு வாரத்துக்கு ஒரு போன், அதுவும் பத்து வார்த்தை. இப்போது சாப்பிட்டியா, என்ன கொழம்பு வச்ச, பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று ஒரு மணி நேரம். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசியதில்லை. சித்திரையில் வந்துவிடுவேன், விராலிமலைக்கு இரண்டு பேருமாகப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே அறிவையும் பார்த்துச் சொல்லிவிட்டு வருவோம் என்றார். என் பொண்டாட்டி தெரியாமல் செய்துவிட்டாள், நீ கண்டுபிடித்தது சரிதான் என்று உங்களிடம் சொல்லப் போகிறாராம். நான் சரி சரி என்று தலையாட்டினேன். நாற்பத்தோரு நாள் அப்படி. தை கடைசியில் போய்விட்டார்.

உடம்போடு வந்த ஆத்மநாதன், அவரோடு ஒரே ரூமில் இருந்தவர், காரியம் முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்: "போன் பேசி முடிச்சதும் அந்தப் பொஸ்தகத்த எடுத்து வச்சுக்கிட்டு ஓரத்தத் தடவிக்கிட்டே இருப்பாருக்கா. எங்க வீட்டுக்காரி வெட்டுனதுடான்னு எங்க எல்லாருக்கும் காட்டுவாரு. ஒரு நூல் பிசகியிருக்கா பாரு, கைராசிக்காரின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

சொன்னேனே, கை கழுவாமல் தொடமாட்டார் என்று. அந்த நாற்பத்தோரு நாளும் கழுவாமல் தொட்டிருக்கிறார். நான் வெட்டின இடம் என்று தொட்டிருக்கிறார். அந்த இடத்தில் என் கையே படவில்லை அண்ணே.

பட்டியலில் அவர் பேரைப் போடுங்கள். சம்மதம். புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அந்தக் கறுப்பைத் துடைக்க வேண்டாம். நிலை சொல்வதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பாடு. எனக்காக விட வேண்டாம், எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

நீங்கள் கொடுத்த காகிதத்துக்காக ஏழு வருஷம் ஏங்கினேன். அது கையில் இருக்கிறது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. காட்ட வேண்டியவர் ஒருத்தர்தான். அவர் என்னை மன்னித்துவிட்டு நிம்மதியாகப் போனார். நான் அவரை மன்னிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

பிரகதீஸ்வரி